படை வளர்க்கும் டியூப்

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சங்ககிரியிலோ திருச்செங்கோட்டிலோ ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிறவர்கள் சீட்டை நீட்டுவார்கள். காய்ச்சல்காரர்கள் இருமிக் காட்டுவார்கள். இவர்கள் எல்லாம் நகரட்டும் என்று ஒருவர் ஒதுங்கி நிற்பார். கூட்டம் குறைந்ததும் குரலைத் தணித்து, "அண்ணா, ஊறலுக்கு ஒரு டியூப் குடுங்க" என்பார். எங்கே ஊறல், எத்தனை நாளாக, வட்டமாக இருக்கிறதா, கொப்புளமா என்று கடைக்காரர் கேட்கமாட்டார். கேட்டால் வந்தவருக்குத்தான் சங்கடம்.

நூறு ரூபாய்க்குள் டியூப் கைமாறும். இரண்டே நாளில் ஊறல் அடங்கிவிடும். "நல்ல டியூப்பு" என்று அதற்குப் பெயர் வந்துவிடும். பக்கத்து வண்டி டிரைவருக்கும், தறியில் கூட நிற்கிறவருக்கும், வீட்டில் பிள்ளைக்கும் அதே டியூப் போகும். சில வாரம் கழித்து அதே இடத்தில் முன்பைவிட அகலமாகப் படை திரும்பி வந்து நிற்கும். அப்போதும் டியூப்பின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. உடம்புச் சூடு, கத்தரிக்காய், கருவாடு என்று பழி வேறு பக்கம் போகும்.

தோல் மருத்துவரிடம் போனால் இன்று முதலில் வரும் கேள்வி, "இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்க?" என்பதுதான். பெரும்பாலும் மருந்தின் பெயர் வராது. டியூப்பின் நிறம்தான் பதிலாக வரும்.

டியூப்புக்குள் என்ன இருக்கிறது?

அட்டைப்பெட்டியின் முதுகில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படித்தால் தலை சுற்றும். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்றோ இரண்டோ, அமீபா வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓர்னிடசோல்கூடச் சிலவற்றில் உண்டு. கூடவே குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன். இந்தக் கடைசி ஆள்தான் ஸ்டீராய்டு. குளோபெட்டசால், வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகுப்பைச் சேர்ந்தது. சொரியாசிஸுக்கும், தடித்துச் சொரசொரத்துப்போன கரப்பானுக்கும், நாள் கணக்குச் சொல்லி மருத்துவர் கொடுப்பது. எந்த நோய் என்று கண்டுபிடிக்க மெனக்கெடாமல், எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று போட்டு வைத்தால் ஏதாவது ஒன்று கேட்கும் என்ற கணக்கில் தயாரித்த கலவை இது.

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று ஒரு கட்சி இப்போது கிளம்பியிருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. 1952-ல் நியூயார்க்கைச் சேர்ந்த சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிப் பலன் கண்டதை எழுதினார்கள். தோல் மருத்துவமே அதற்குப் பிறகு மாறிப்போனது. கரப்பானில் அழுது தூங்காத எத்தனையோ குழந்தைகள் அந்த மருந்தால்தான் தூங்கியிருக்கின்றன. சரியான நோய்க்கு, சரியான வீரியத்தில், சரியான நாட்களுக்குப் போட்டால் இதைப் போல மருந்து இல்லை. படர்தாமரைக்குப் போடும்போதுதான் கதை கெடுகிறது.

படை என்று நாம் சொல்லும் படர்தாமரை ஒரு பூஞ்சையால் வருவது. அந்தப் பூஞ்சை தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது. காய்ந்த புல்லில் வைத்த தீ போல நடுவில் அணைந்துகொண்டே ஓரம் முன்னேறும். வட்டம் வருவது அதனால்தான். அந்தச் சிவந்த ஓரமும் அரிப்பும் பூஞ்சை நேரடியாகச் செய்வதல்ல. பூஞ்சையை விரட்ட நம் உடம்பு நடத்தும் சண்டையின் அடையாளம் அது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. சிவப்பு மறைகிறது, அரிப்பு போகிறது, பார்ப்பவருக்குக் குணம். எதிர்ப்பில்லாத பூஞ்சையோ நிம்மதியாகப் பரவுகிறது. டியூப்பை நிறுத்தியதும் உடம்பு விழித்துக்கொண்டு பழையபடி சண்டையைத் தொடங்கும். இப்போது களம் பெரிது. டியூப்பில் பூஞ்சை மருந்தும் சேர்ந்துதானே இருக்கிறது என்று கேட்கலாம். அரிப்பு நின்றதும் நாம் டியூப்பை மூடிவிடுகிறோம். பூஞ்சை சாக வாரக்கணக்கு வேண்டும். ஸ்டீராய்டு வேலை செய்ய இரண்டு நாள் போதும்.

ஸ்டீராய்டு பூசிப் பூசி வட்டம் கலைந்து, படர்தாமரை என்று அடையாளமே தெரியாமல் போகும் நிலையை 1968-லேயே ஐவ், மார்க்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர்கள் விவரித்துவிட்டார்கள். 'டினியா இன்காக்னிட்டோ' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அன்று அது அபூர்வம். இன்று நம் ஊர் ஓ.பி.யில் வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம் என்று வருகிற படைகள் மருத்துவர்களுக்குப் பழகிப்போன காட்சி. தொடை இடுக்கில் மாதக்கணக்கில் பூசினால் தோல் காகிதமாக மெலியும். பிள்ளை பெற்ற வயிற்றில் வருவதுபோலக் கோடு கோடாக வெடிக்கும். அந்தக் கோடுகள் மங்கலாம், மறையாது.

முகத்துக்குப் பூசுவது தனிக் கதை. கல்யாணத்துக்கு முன் 'கலர்' வரவேண்டும் என்று வாங்கும் கிரீம்கள் சிலவற்றிலும் இதே ஸ்டீராய்டுதான் ஒளிந்திருக்கிறது. இந்தியா முழுக்க 12 மையங்களில் முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரை ஆராய்ந்து 2011-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னவர் டாக்டரே இல்லை. நிறுத்தினால் முகம் எரியும், சிவக்கும், பரு வெடிக்கும். அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். அதிலிருந்து வெளிவர மாதங்கள் ஆகும்.

சட்டம் தூங்கவில்லை. 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு ஆணை போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த தோல் களிம்புகள் பல அந்தப் பட்டியலில் இருந்தன. ஒரு கலவை போனால் ஒரு சரக்கை மாற்றி இன்னொரு கலவை வந்துவிடுகிறது. கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகிற ஊரில், பஸ் ஏறிப் போய் ஓ.பி. வரிசையில் நிற்பதைவிட எதிர்க்கடை டியூப் மலிவு. அந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருந்துதான் தப்பு.

அமெரிக்கா வரை போன நம் படை

முன்பெல்லாம் படர்தாமரை இரண்டு மூன்று வாரக் களிம்பில் போகும். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தியா முழுவதும் அப்படிப் போவதில்லை. டெர்பினாபின் என்ற நம்பகமான மருந்துக்கு மசியாத ஒரு பூஞ்சை பரவியிருக்கிறது. பூஞ்சையின் உயிரணுச் சவ்வுக்குத் தேவையான ஒரு கொழுப்பைத் தயாரிக்கவிடாமல் தடுப்பது டெர்பினாபினின் வேலை. இந்தப் பூஞ்சையின் மரபணுவில் ஓரிடம் மாறியதால் மருந்து போய் ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டுவதில்லை. 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைத் தனி இனமாகப் பிரித்து டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியாவை ஏற்றிவிட்டார்கள். 2023 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இந்தப் படை வந்ததை அறிவித்தது. ஒருவருக்கு பங்களாதேஷ் போயிருந்தபோது தொற்றியது. இன்னொருவர் அண்மையில் எந்த வெளிநாட்டுக்கும் போனவர் இல்லை.

இதற்கு ஸ்டீராய்டு கலவைதான் ஒரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வெயில், வியர்வை, நெருக்கமான வீடு, இறுக்கமான உடை எல்லாம் சேர்ந்ததுதான். ஆனாலும் அரைகுறையாய்ப் பூஞ்சை மருந்தும் முழுசாய் ஸ்டீராய்டும் பூசிக்கொண்ட கோடிக்கணக்கான தொடைகள் அதற்கு நல்ல நாற்றங்காலாக அமைந்தன என்பதில் தோல் மருத்துவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் அந்த நாற்றங்காலுக்குப் பஞ்சமில்லை. லாரி டிரைவர் நாள் முழுக்க இன்ஜின் சூட்டில் ரெக்ஸின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்; ஈர ஜட்டியை மாற்றக் குளியலறை தேடி நிறுத்த நேரமில்லை. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே போகிறவர்கள் மாதக்கணக்கில் ஒரே போர்வை, ஒரே துண்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள். குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிப் பட்டறைகளில் காற்றோட்டம் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் சேலம் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது காலையில் கட்டிய பாவாடை நாடா மத்தியானத்துக்குள் நனைந்துவிடும். பெண்களுக்கு இடுப்பில் அந்த நாடா பதியும் வட்டத்திலேயே படை வருவதைப் பார்க்கலாம்.

போக வைப்பது எப்படி?

முதலில் அது படர்தாமரைதானா என்று உறுதியாகவேண்டும். ஓரத்துச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழை தெரியும். சில நிமிட வேலை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. நாமக்கல்லுக்கும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தனியாரிடம் போக வசதியில்லை என்பதற்காக டியூப்பை நம்பவேண்டியதில்லை.

சின்னதாய் ஒன்றிரண்டு வட்டம் என்றால் பூஞ்சை மருந்து மட்டுமே உள்ள களிம்பு போதும். குளோட்ரிமசோல், லுலிகோனசோல் போன்றவை. பூசுவதில்தான் சூட்சுமம். படையின் மேல் மட்டும் பூசாமல் ஓரத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் சேர்த்துப் பூசவேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை அங்கே ஏற்கெனவே போயிருக்கும். தினம் இரண்டு வேளை. தோல் சுத்தமாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் இன்னும் இரண்டு வாரம். இந்தக் கடைசி இரண்டு வாரத்தில்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கோட்டைவிடுகிறார்கள் என்று சொன்னால் நீங்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வீர்கள். பரவலாக இருந்தால் இட்ராகோனசோல் போன்ற மாத்திரை தேவைப்படும். ஈரல் பாதிப்பு உள்ளவர்கள், இருதய மாத்திரையோ கொழுப்பு மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். சேரக்கூடாத மருந்துகள் உண்டு. கேப்ஸ்யூலாக இருந்தால் வெறும் வயிற்றில் விழுங்காமல் சாப்பாட்டோடு சாப்பிட்டால்தான் உடம்பில் சேரும்.

டியூப்பைப் படிக்கவும் பழகிக்கொள்ளலாம். குளோபெட்டசால், ஹாலோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் ஆகியவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. படர்தாமரைக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லோரையும் பார்க்கவேண்டும். உதிரும் செதிலில் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். துண்டு, லுங்கி, உள்ளாடை தனித்தனி. வெந்நீரில் ஊறவைத்து, உள்பக்கத்தைத் திருப்பி வெயிலில் போட்டு, முடிந்தால் இஸ்திரி பெட்டி ஓட்டவேண்டும். வெயிலுக்கு நம் ஊரில் குறைச்சல் இல்லை, அதை இதற்காவது பயன்படுத்தலாம். அரைஞாண் கயிறு ஈரம் காயாமல் பூஞ்சையை வைத்திருக்கும். சிகிச்சை முடியும்வரையாவது கழற்றி வைக்கச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். புதுக் கயிறாக மாற்றிக்கொண்டேயிருப்பது நடுவழி. திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பார்ப்பது நல்லது.

கைவைத்தியத்தை முழுக்கத் தள்ளமுடியாது. வண்டுகொல்லி என்றும் சீமை அகத்தி என்றும் சொல்லும் செடியின் இலையில் பூஞ்சையைத் தடுக்கும் கிரைசோபானிக் அமிலம் உண்மையிலேயே இருக்கிறது. அதை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசிவிட்டு வயலுக்குப் போனால்தான் ஆபத்து. எலுமிச்சை பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளித்துக் கறுத்துவிடும். பச்சைப் பூண்டைத் தேய்த்தால் தோல் வெந்தேபோகும். இதைவிட, நூறு வருடமாகப் பயனில் இருக்கும் விட்ஃபீல்டு களிம்பு எவ்வளவோ மேல். பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்த மலிவான சரக்கு; உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வெகுகாலம் இருந்தது. கொஞ்சம் எரியும் என்பதால் தொடை இடுக்குக்கு ஆகாது. விளம்பரம் இல்லாததால் அதன் பெயர் யாருக்கும் தெரியாது.

காற்றில் வரும் படை

ஊறல் எல்லாமே பூஞ்சையால் வருவதல்ல. ஆத்தூர், தலைவாசல் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவரின் முகத்தைக் கற்பனை செய்யுங்கள். நெற்றியும் கண் இமையும் தடித்து, கழுத்தின் பக்கவாட்டில் மடிப்பு மடிப்பாகத் தோல் கறுத்து, முழங்கை மடிப்பிலும் அதே. வெயில் என்று அவர் நினைக்கிறார். வெயில் ஒவ்வாமை என்றால் மேலிமையும் காதின் பின்புறமும் முகவாய்க்குக் கீழுள்ள நிழலும் தப்பித்துவிடும். இவருக்கு அங்கெல்லாம்கூட இருக்கிறது. காற்றில் வரும் தூசிதான் அந்த மறைவிடங்களுக்குள் நுழையும்.

பார்த்தீனியம். காங்கிரஸ் செடி என்று பேர் வாங்கிக்கொண்ட களை. மெக்சிகோ பகுதியைச் சேர்ந்தது. 1955-ல் புனேயில் கவனத்துக்கு வந்தது. அமெரிக்கக் கோதுமை மூட்டைகளோடு வந்திறங்கியது என்பது பரவலான பேச்சு. அதன் இலை, தண்டு, பூ எல்லாவற்றிலும் உள்ள நுண் மயிர்களில் பார்த்தீனின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. செடி காய்ந்து தூளானாலும் அது போகாது. புனே வட்டாரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் இதனால் பாதிக்கப்பட்டதை 1970-களிலேயே மருத்துவ இதழ்கள் எழுதின. ஒரே செடி பல ஆயிரம் விதை போடும் என்பதால் புறம்போக்கு, ரோட்டோரம், தரிசு என்று எங்கே பார்த்தாலும் வெள்ளைப் பூ.

இந்த நோய் வந்தவருக்கு டியூப் ஸ்டீராய்டு தப்பான மருந்தல்ல. தோல் மருத்துவரும் அதைத்தான் முதலில் எழுதுவார், கட்டுக்குள் வராவிட்டால் அசாதையோபிரின் போன்ற மாத்திரை வரை போவார். களை வாசலில் இருக்கும்வரை மருந்து வெறும் ஒத்திவைப்புதான். பூக்கும் முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்கவேண்டும். ஒவ்வாமை உள்ளவர் அந்த வேலைக்கே போகக்கூடாது. பயிரில்லாத இடத்தில் லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்து, கொஞ்சம் சோப்புத் திரவம் சேர்த்து, வெயில் நேரத்தில் அடிக்க வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. 1984-ல் மெக்சிகோவிலிருந்து பெங்களூருவுக்குக் கொண்டுவந்த ஒரு வண்டு மழைக்காலத்தில் இலையை மொய்த்துத் தின்கிறது. தின்னட்டும்.

ஒரு விஷயம் மட்டும் பூ வியாபாரிகளுக்கு. சாமந்தியும் சூரியகாந்தியும் பார்த்தீனியத்தின் குடும்பம்தான். பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவருக்குச் சாமந்தி கட்டும் விரல்நுனி வெடிக்கலாம்.

வேலை கையில் எழுதுவது

நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் வேலை முடிந்ததும் கிரீஸையும் பெயிண்டையும் மண்ணெண்ணெயிலோ தின்னரிலோ கழுவுவார்கள். அழுக்கோடு தோலின் எண்ணெயும் போய்விடுகிறது. கை வறண்டு, வெடித்து, எரிகிறது. சமையல் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டால் கிரீஸ் போகும். இரவில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிப் படுக்கலாம். கொத்தனார் கையில் வருவது வேறு: சிமென்ட்டின் காரமும் அதிலுள்ள குரோமியமும். குரோமிய ஒவ்வாமை ஒருமுறை வந்தால் லேசில் போகாது. ஜவ்வரிசி ஆலையில், ஹோட்டலில், பால் சொசைட்டியில் கை ஈரத்திலேயே இருப்பவர்களுக்கு நகக்கண் வீங்கிச் சீழ் பிடிக்கும். ஈரம் காய்வதுதான் அதற்கு மருந்து.

கோழிப்பண்ணையில் கூண்டைக் கழுவிவிட்டு வந்தவருக்கு இடுப்பிலும் கையிலும் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிந்தால் செள்ளுதான். அது கோழியின் ஆள். மனிதத் தோலில் குடும்பம் நடத்தாது. குளித்து உடுப்பை மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

சிரங்குப் பூச்சி அப்படியில்லை. அது மனிதனுக்கே உரியது. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, தோலுக்குள் வளை தோண்டி முட்டை வைக்கும். ராத்திரியில் அதிகமாகும் அரிப்பு, விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ஆண்களுக்கு உறுப்பில் பொரிகள், வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை. இவ்வளவும் சேர்ந்தால் சிரங்குதான். முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அரிப்பில்லாத தம்பியும் அதற்குள் சுமந்துகொண்டிருப்பான். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை வீட்டில் எல்லோரும் ஒரே இரவில், கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை, நகத்துக்கு அடியிலும் விடாமல் பூசிக் காலையில் குளிக்கவேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி. ஒருவர் தவறினாலும் சுற்று மறுபடி தொடங்கும். விடுதிகளில் சிரங்கு ஒழியாமல் இருப்பது இதனால்தான்: அரிக்கிற பிள்ளைக்கு மட்டும் மருந்து, பக்கத்துப் பாய்க்காரனுக்கு இல்லை. பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து அந்தச் சமயத்தில் கலவை டியூப்பைத் தேடிப் போகிறவர்கள் பலர். சிரங்கையும் ஸ்டீராய்டு மறைத்துவைக்கும்.

வேர்க்குருவுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வியர்வைக் குழாய் அடைப்பு. பருத்தித் துணி, காற்று, குளிர்ந்த நீர். குழந்தையின் கழுத்து மடிப்பில் பவுடரை அப்பாதீர்கள். வியர்வையோடு சேர்ந்து இன்னும் அடைக்கும். ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் அரித்தால் அதன் பசைதான் காரணம். விடாமல் வைத்தால் அந்த இடம் வெளுத்தும் போகலாம். கவரிங் நகை, ஜீன்ஸ் பட்டன் பட்ட இடத்தில் வருவது நிக்கல் ஒவ்வாமை.

அக்கியா, ஆசிட் பூச்சியா?

ஐப்பசி மழையில் டியூப்லைட்டைச் சுற்றிப் பறக்கும் ஒரு மெல்லிய பூச்சி கழுத்தில் விழும், தூக்கத்தில் நசுக்கிவிடுவோம். மறுநாள் ஒன்றும் தெரியாது. அதற்கடுத்து, கை தேய்த்த தடத்திலேயே கோடாக வெந்துபோய்க் கொப்புளம். ஆசிட் பூச்சி என்று பெயர் வந்துவிட்டது. ஆசிட் இல்லை, அதன் உடம்பு நீரிலுள்ள பெடெரின் என்ற நஞ்சு. நெல் வயலில் கெட்ட பூச்சிகளைத் தின்னும் வண்டு இது, விவசாயிக்கு வேண்டியவன். ஊதித் தள்ளவேண்டும், நசுக்கக் கூடாது. பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் தானே ஆறும்.

இதைத்தான் பலர் அக்கி என்று நினைத்துக் குயவர் வீட்டுக்குப் போகிறார்கள். காவிமண் குழைத்துப் பூசி, உருவம் எழுதி, பத்தியம் சொல்லி அனுப்புவார் அவர். ஆசிட் பூச்சிக் கொப்புளமாக இருந்தால் எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஆறியிருக்கும்; பெருமை காவிமண்ணுக்குப் போகும். அதில் எனக்கு வருத்தமில்லை. உண்மையான அக்கி என்றால்தான் நாள் கடக்கக்கூடாது. சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பின் வேரில் படுத்துக் கிடந்து, வயதாகும்போதோ உடம்பு தளரும்போதோ அந்த நரம்பின் வழியே எழுந்து வருவது அது. முதலில் எரிச்சலும் குத்தலும், பிறகு உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம், நடுக்கோட்டைத் தாண்டாது. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் வகை மாத்திரையைத் தொடங்கினால் நோய் சீக்கிரம் ஆறும். வயதானவர்களுக்குத் தோல் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலி தங்கிவிடும் என்பதால்தான் இந்த அவசரம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி என்றால் கண்ணுக்கு ஆபத்து. அன்றைக்கே கண் மருத்துவர். எழுதிக்கொள்ள விரும்புகிறவர் மாத்திரையைப் போட்டுவிட்டு எழுதிக்கொள்ளட்டும்.

ஓடவேண்டிய நேரமும் உண்டு. திடீரென்று உடம்பெல்லாம் காணாக்கடியாகத் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறினால் 108. வலிப்பு மாத்திரை, சல்பா மாத்திரை, வலி மாத்திரை ஏதாவது புதிதாகத் தொடங்கிய சில வாரத்துக்குள் காய்ச்சலோடு தோல் சிவந்து கொப்புளித்து, வாயும் கண்ணும் புண்ணானால் அந்த மாத்திரையை உடனே நிறுத்தி, அதன் அட்டையோடு பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அரிக்காத திட்டு

கடைசியாக ஒன்று, யாரும் டியூப் கேட்டு வராதது. சுற்றியுள்ள தோலைவிட வெளுத்த அல்லது செம்புநிறத் திட்டு. ஊறல் இல்லை, வலி இல்லை, வியர்வைகூட இல்லை. தேமல் என்று விட்டுவிடுவார்கள். பஞ்சுத் துண்டை லேசாகத் தொட்டுப் பார்த்தால், மற்ற இடத்தில் தெரிகிற தொடுதல் அந்தத் திட்டில் தெரியாது. தொழுநோயின் முதல் அடையாளம் அது. 2005 டிசம்பரில் தேசிய அளவில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா எட்டியது. நோய் ஒழிந்துவிட்டதாகப் பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். புது நோயாளிகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஐந்து திட்டு வரை என்றால் ஆறு மாதம், அதற்கு மேல் என்றால் பன்னிரண்டு மாதம். மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடும். வேலைக்குப் போகலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். தாமதித்தால் நரம்பு போகும், விரல் மடங்கும், போன நரம்பை எந்த மாத்திரையும் திருப்பித் தராது.